பெடல் சொல்வதைக் கேட்போம்
பழைய பிக்கப் வண்டியின் ட்ரம் பிரேக்: பழுதைக் கண்டுபிடித்தலும் திருத்துதலும்



மரக்கறி ஏற்ற, விறகு ஏற்ற, சந்தைக்குப் போய்வர என்று ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கும் ஆசை நமது தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு உண்டு. கொஞ்சம் காசு சேர்ந்ததும் கரையோரப் பக்கம் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிப்பார்கள். வாங்குகிறபோது எஞ்சின் சத்தத்தைக் கேட்போம், டயரைப் பார்ப்போம், பெயின்டைத் தடவிப் பார்ப்போம். பிரேக்கை மட்டும் "ரெண்டு பம்ப் அடிச்சா நிக்கும் அண்ணே" என்ற பேச்சை நம்பி விட்டுவிடுவோம்.

சமதரையில் அந்தப் பேச்சு ஓடும். மலையில் ஓடாது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த பஸ்ஸொன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். நம்முடைய பாதைகளில் பிரேக் என்பது உயிர்ப் பிரச்சினை. அதனால் இந்த முறை ட்ரம் பிரேக் பற்றிப் படிப்போம்.

உதாரணத்துக்கு ஒரு வண்டி

புத்தளத்திலிருந்து வடக்கே எலுவன்குளத்துக்கும் வில்பத்துக்கும் போகிற பாதையில் இருக்கிறது வண்ணாத்திவில்லு. வரண்ட பூமி, மணல், தென்னை, கஜு. மேற்கே புத்தளம் களப்பு. அந்தப் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கும். அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் பல வருசம் ஓடி, பிறகு கொட்டிலில் நின்றுபோன மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றை நாம் வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

மொறிஸ் மைனர் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் பிக்கப் வண்டி 1953இல் வந்தது. கால் தொன், அதாவது ஏறக்குறைய 250 கிலோ ஏற்றச் செய்யப்பட்டது. 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுவிட்டாலும் இலங்கையில் இன்னும் ஓடுகிறது. நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். வேறு பழைய பிக்கப்பாக இருந்தாலும் பாடம் பெரும்பாலும் இதேதான்.

நமது வண்டியில் காணும் குறைகள் மூன்று:

1. பெடல் முதல் மிதியில் தரை வரை போகிறது. மூன்று தரம் மிதித்தால் மேலே வருகிறது. ஆனால் பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது.
2. மெதுவாக ஓட்டி மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது.
3. பின் வலது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது.

இந்த மூன்றையும் மனதில் வையுங்கள். காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் பிரேக் ஒயிலைத் தள்ளுகிறது. மைனரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தளத்துக்குக் கீழே இருக்கும். ஒயில் குழாய் வழியாகப் போய் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டரைத் தள்ளும். வீல் சிலிண்டர் பிறை வடிவான ஷூக்களை விரிக்கும். ஷூவின் மேல் ஒட்டிய லைனர், சுற்றுகிற ட்ரம்மின் உள்சுவரில் உரசும். வண்டி நிற்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இதில் இரண்டு விஷயத்தை மறக்கக்கூடாது.

ஒன்று: மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒயில் பாதை ஒன்றுதான். எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பிறகு மிஞ்சுவது ஹேன்ட் பிரேக் மட்டும். அது கேபிளால் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும்.

இரண்டு: முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர் இருக்கிறது. வண்டி முன்னே ஓடும்போது ட்ரம்மின் சுழற்சியே இரண்டு ஷூவையும் உள்ளே இழுத்து இறுக்கும். அதனால் நன்றாகப் பிடிக்கும். வண்டி பின்னோக்கி உருண்டால் அந்த உதவி இல்லை. பிடி மிகவும் குறைந்துவிடும். ஏற்றத்தில் நிறுத்திய வண்டி பின்னே உருள ஆரம்பித்தால் கால் பிரேக்கை மட்டும் நம்பாமல் ஹேன்ட் பிரேக்கையும் இழுக்க வேண்டியது இதனால்தான்.

கடற்கரை ஒன்று செய்யும், மலை ஒன்று செய்யும்

கரையோர வண்டிக்கு எதிரி துரு. உப்புக் காற்று இரும்புக் குழாயை வெளியிலிருந்து தின்னும். குழாய் பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும். பலமாக மிதிக்கிற ஒருநாள் வெடிக்கும். மழைக்காலத்தில் கலா ஓயா பெருகினால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலாக வெள்ளம் பாயும். அப்படிப்பட்ட தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியின் ட்ரம்முக்குள் நீரும் மணலும் புகுந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் சும்மா நின்றால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவோடு இறுகிப்போகும்.

மலைநாட்டு வண்டிக்கு எதிரி சூடு. ஒரு கணக்கைப் பாருங்கள். வண்டியும் சுமையும் சேர்ந்து 1000 கிலோ என்று வைப்போம். அது 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவருகிற சக்தி, 20 பாகை செல்சியஸில் உள்ள ஏறக்குறைய 29 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குவது 1000 மீட்டரையும் தாண்டும். எஞ்சினும் காற்றும் தாங்காத பங்கு முழுவதும் அந்த நாலு ட்ரம்முக்குள் சூடாக இறங்குகிறது. சூட்டில் ட்ரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். லைனரின் பிடிப்பும் குறையும். டிரைவர் மிதிக்கிறார், பெடல் கீழே போகிறது, வண்டி நிற்கவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது அளவு. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 பாகைக்கு இறங்குகிறது. கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும்; ஒயில் அமுங்காது. அதனால் பெடல் தரைக்குப் போகும்.

கரையில் பல வருசம் நின்ற வண்டியில் துருவும் இருக்கும், பழைய ஈர ஒயிலும் இருக்கும். அங்கே சமதரையில் அது தெரியாது. அதே வண்டி மலையில் முதல் இறக்கத்தில் இறங்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து வெளிவரும். ஆகவே கரையிலிருந்து வாங்கிய வண்டியை, நாலு ட்ரம்மையும் கழற்றிப் பார்க்காமல் மலைக்கு ஓட்டி வரக்கூடாது. லொறியில் ஏற்றி வாருங்கள், அல்லது அங்கேயே திருத்தி முடித்து வாருங்கள்.

கழற்றுமுன் பெடலைக் கேளுங்கள்

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. பெடலை மிதித்துப் பார்க்கிறார்.

பெடல் கீழே போகிறது. இரண்டு மூன்று மிதியில் மேலே வந்து கல் மாதிரி நிற்கிறது: ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்ட் பண்ண வேண்டும், லைனரும் தேய்ந்திருக்கலாம்.

மேலே வந்தாலும் பஞ்சு மாதிரி அமுங்குகிறது: குழாயில் காற்று.

ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது: எங்கேயோ ஒழுகுகிறது. நாலு சக்கரமும் குழாயும் காய்ந்திருந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறது.

பெடல் கடினம், ஆனால் வண்டி நிற்கவில்லை: லைனரில் ஒயிலோ கிரீஸோ பட்டிருக்கிறது, அல்லது சூட்டில் கண்ணாடி மாதிரி மினுங்கிப்போயிருக்கிறது, அல்லது பிஸ்டன்கள் இறுகிவிட்டன.

ஒரு பக்கம் இழுக்கிறது: இழுக்கிற பக்கம்தான் கெட்டது என்று பலர் அந்தச் சக்கரத்தைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் பழுது மற்றப் பக்கத்தில். ஒரு பக்கம் சரியாகப் பிடிக்கிறது; மறுபக்கம் பிடிக்கவில்லை; அதனால் வண்டி பிடிக்கிற பக்கம் திரும்புகிறது.

ஓடிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது: ஷூ திரும்பி வரவில்லை. ஸ்பிரிங் தளர்வு, ஹேன்ட் பிரேக் கேபிள் இறுக்கம், பிஸ்டன் இறுக்கம், அல்லது உட்புறம் வீங்கி அடைத்த ரப்பர் ஹோஸ்.

மிதிக்கும்போது கால் துடிக்கிறது: ட்ரம் வட்டம் கெட்டிருக்கிறது.

இரும்போடு இரும்பு கீறும் சத்தம்: லைனர் முடிந்து ரிவெட் ட்ரம்மைத் தின்கிறது. அன்றோடு வண்டியை நிறுத்துங்கள்.

இப்போது நமது பிக்கப்புக்கு வருவோம். பஞ்சு மாதிரிப் பெடல்: காற்று இருக்கிறது. இடது பக்கம் இழுக்கிறது: முன் வலது சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும். பின் வலது ஈரம்: அது என்ன ஈரம்? அச்சிலிருந்து கசிகிற கியர் ஒயிலாகவும் இருக்கலாம், பிரேக் ஒயிலாகவும் இருக்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு துளி விட்டுக் கலக்குங்கள். பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். கியர் ஒயில் மேலே மிதக்கும். நமது துளி கலந்துவிட்டது. ஆகவே பின் வலது வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. பெடலில் காற்று வந்ததற்கும் அதுவே காரணம் என்று எதிர்பார்க்கலாம். இன்னும் ஒரு நட்டையும் கழற்றவில்லை. பாதி வேலை முடிந்தது.

ட்ரம்மைக் கழற்றும் முறை

வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் சக்கரத்தைக் கழற்றும்போது ஹேன்ட் பிரேக்கை விட வேண்டியிருக்கும். கட்டை இல்லாவிட்டால் வண்டி உருளும். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் போகவேண்டாம். ஸ்டாண்ட் வையுங்கள். சீமெந்துக் கல், செங்கல் வேண்டாம். அவை எச்சரிக்காமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றி, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ட்ரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குருவையும் எடுத்தால் ட்ரம் வரவேண்டும். துருவில் பிடித்திருந்தால் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். வார்ப்பிரும்பு ட்ரம்மைப் பெரிய சுத்தியலால் அடித்தால் வெடித்துவிடும்.

தூசு கவனம்! பழைய பிரேக் லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அந்தத் தூசு நுரையீரலில் தங்கி, பல வருசத்துக்குப் பிறகு புற்றுநோய் உட்படக் கொடிய வியாதிகளை உண்டாக்கும். வாயால் ஊதக்கூடாது, எயார் பம்பால் அடிக்கக்கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டக்கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை பொலித்தீன் பையில் கட்டி அகற்றுங்கள். வேலை செய்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். லயத்து வாசலில் பிள்ளைகள் சுற்றி நிற்க இந்த வேலையைச் செய்யவே கூடாது.

உள்ளே பார்க்க வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்ற சந்தேகம் வந்தால், பிரிக்காத மறுபக்கமே உங்களுக்குப் படம்.

லைனர்: ரிவெட் தலைக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். ஒயில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்கள் உண்டு. சூடு ஏறியதும் உள்ளே ஊறிய ஒயில் மறுபடி வெளியே வரும். அதைத் திரும்பப் போடவே கூடாது. ஒரு பக்கம் மாற்றினால் அதே அச்சின் மறுபக்கத்தையும் கட்டாயம் மாற்றுங்கள். புதிது ஒரு பக்கம், பழையது ஒரு பக்கம் என்றால் வண்டி இழுத்துக்கொண்டே இருக்கும்.

வீல் சிலிண்டர்: ஓரத்து ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஒழுகுகிறது. உட்சுவரில் துருக் குழி விழுந்திருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும். நமது பிக்கப்பின் பின் வலது அந்த நிலையில் இருக்கிறது. முன் வலதில் ஒரு பிஸ்டன் துருவில் இறுகி அசையவில்லை. இடது பக்கம் இழுத்த காரணம் அதுதான்.

ட்ரம்: உள்சுவரில் ஆழக் கோடு, வெடிப்பு, நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு இருக்கிறதா பாருங்கள். கோட்டை லேத்தில் பிடித்து எடுக்கலாம். அளவு மீறிக் கடைந்தால் ட்ரம் மெலிந்து, இன்னும் சீக்கிரம் சூடாகும். வெடித்த ட்ரம்மை வெல்டிங் வைக்க வேண்டாம்.

குழாயும் ஹோஸும்: இரும்புக் குழாயை நெடுகத் துடைத்துப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் முழுக் குழாயையும் மாற்றுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப் பிடிக்காது. ரப்பர் ஹோஸை மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் புதிது போடுங்கள். ஒழுகுகிற குழாயைச் சுத்தியலால் நசுக்கி அடைத்துவிட்டு மூன்று சக்கர பிரேக்கோடு ஓடுவது, வெள்ளீயம் வைத்து ஒட்டுவது, ரப்பர் சுற்றிக் கட்டுவது எல்லாம் உயிரோடு விளையாட்டு.

ஒயில்: டொட் 3 அல்லது டொட் 4 மட்டும். எஞ்சின் ஒயில், தேங்காயெண்ணெய், சவுக்காரத் தண்ணீர் எதுவும் ஊற்றக்கூடாது. எஞ்சின் ஒயில் பட்டால் பிரேக் ரப்பர் எல்லாம் வீங்கிவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசி ஹோஸ் வரை மாற்ற வேண்டிவரும். திறந்து நாளான போத்தலையும் பாவிக்க வேண்டாம். அது ஈரம் குடித்திருக்கும்.

எயார் எடுத்தல்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. நிப்பிளில் ஒரு சிறிய குழாயை மாட்டி, மறு நுனியைக் கொஞ்சம் ஒயில் ஊற்றிய கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்துங்கள்.

"மிதி தம்பி."

"மிதிச்சிட்டேன் அண்ணே."

"அப்படியே புடிச்சுக்க. தொறக்கிறேன்... கால் எறங்குதா? எறங்கட்டும், எடுக்காத. இந்தா பூட்டிட்டேன். இப்ப மெதுவா விடு."

நிப்பிளைப் பூட்டுமுன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்; செய்த வேலை வீண். குமிழ் வராமல் சுத்த ஒயில் மட்டும் வரும்வரை செய்யுங்கள். இடையிடையே மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மூடி தளத்துக்குக் கீழே இருப்பதால், திறக்குமுன் சுற்றியுள்ள மணலைத் துடைத்தெடுக்க வேண்டும். வெளிவந்த ஒயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிறகு அட்ஜஸ்ட்மென்ட். ட்ரம்மின் முகத்திலுள்ள ஓட்டை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு, ஷூ முட்டிச் சக்கரம் நிற்கும்வரை திருப்புங்கள். பிறகு ஒரு பல் பின்னே விடுங்கள். சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர், பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. பெடலைப் பலமாக இரண்டு தரம் மிதித்துவிட்டு மறுபடி சரிபாருங்கள்.

சோதனை

முதலில் நின்ற இடத்தில். பெடலைப் பலமாக ஒரு நிமிடம் மிதித்து வைத்திருங்கள். இறங்கக்கூடாது. இன்னொருவர் நாலு சக்கரத்தையும் குழாயையும் பார்த்து, ஈரமில்லை என்று சொல்ல வேண்டும். அடுத்து சமதரையில் நடை வேகத்தில். பிறகு கொஞ்சம் வேகத்தில். நேராக நிற்கிறதா பாருங்கள். கடைசியாகச் சிறிய இறக்கத்தில். இது எல்லாம் முடியும்வரை பின்னால் சுமையும் வேண்டாம், ஆட்களும் வேண்டாம்.

இந்த வேலையை முதன்முதல் செய்கிறவர்கள் தெரிந்த பாஸ் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முடித்ததும் அவரிடம் காட்டுங்கள். பிரேக்கில் "பழகிப் பார்ப்போம்" என்பது இல்லை.

இறக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, முழு வண்டியையும் நாலு லைனரின் தலையில் சுமத்துவது. பெடலில் காலை வைத்தபடியே உரசிக்கொண்டு இறங்காதீர்கள். மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, ட்ரம் ஆற விடுங்கள். கருகிய வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். வெள்ளத்தில் இறங்கி ஏறினால் மெதுவாக ஓட்டி, லேசாக மிதித்து மிதித்து லைனரைக் காயவையுங்கள்.

பிரேக் விட்டுப்போனால்: பெடலை வேகமாக மிதித்து மிதித்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கீழ்க் கியருக்குப் போங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். ஹேன்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக இழுங்கள். ஹோர்ன் அடித்துக்கொண்டே, பள்ளத்தின் பக்கம் போகாமல் மண்மேட்டின் பக்கம் உரசி நிறுத்தப் பாருங்கள்.

இந்தத் தொழிலை முறையாகப் பழக விரும்பும் பிள்ளைகள் நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலும், தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் வாகனத் திருத்துநர் பயிற்சிகளை விசாரிக்கலாம்.

வீட்டில் சேர்ந்து பதில் சொல்லிப் பாருங்கள்

1. வண்டி வலது பக்கம் இழுக்கிறது. எந்தப் பக்கத்துச் சக்கரத்தை முதலில் சந்தேகிப்பீர்கள்? ஏன்?
2. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. அது பிரேக் ஒயிலா, கியர் ஒயிலா என்று எப்படி அறிவீர்கள்?
3. ட்ரம்முக்குள் உள்ள தூசை ஏன் ஊதக்கூடாது?
4. சமதரையில் நன்றாக நின்ற வண்டி, நீண்ட இறக்கத்தில் ஏன் நிற்காமல் போகலாம்? இரண்டு காரணம் சொல்லுங்கள்.
5. உங்கள் வீட்டுப் பிள்ளை தினமும் ஏறிப்போகிற வண்டியின் பிரேக் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? இதற்குப் பதில் தெரியாவிட்டால், இன்றைக்கே டிரைவரிடம் கேளுங்கள்.